ஈரலுக்கு மட்டும் ஏன் நெருப்பு?

மாட்டு ஈரலைப் பலகையில் வைத்து அறுத்தால், கத்தி போன தடத்தில் சிறு துளைகள் வாய் திறந்து நிற்பதையும், அவற்றிலிருந்து கருஞ்சிவப்பு இரத்தம் மெல்லக் கசிந்து பலகையில் தேங்குவதையும் காணலாம். தொடைக்கறியை அறுக்கும்போது இவ்வளவு கசிவதில்லை. யூதர்களின் உணவுச் சட்டத்தில் ஈரலுக்கென ஒரு தனி விதி இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

விலங்கின் உயிர் இரத்தத்தில் இருப்பதால் அதை உண்ணலாகாது என்று யூத வேதத்தின் பகுதிகளான லேவியராகமமும் உபாகமமும் தடுக்கின்றன. ஆகவே, முறைப்படி அறுத்த இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் கல் உப்பைத் தூவி, சாய்த்து வைத்த பலகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூன்று முறை கழுவிய பின்னரே சமைப்பார்கள். தூள் உப்பு சட்டென்று கரைந்துவிடும். பரல் பரலாக மேலே தங்கும் கல் உப்புதான் ஈரத்தை நின்று நிதானமாக வெளியே இழுக்கும். யூத உணவுச் சட்டத்துக்கு ஏற்றதைக் 'கோஷர்' என்பார்கள்; அமெரிக்கக் கடைகளில் பருமனான உப்புக்குக் 'கோஷர் உப்பு' என்ற பெயர் வந்ததும் இவ்வழக்கத்தால்தான்.

தசைக்கு இது போதும். விலங்கை அறுக்கும்போதே தசையின் இரத்தத்தில் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. எஞ்சும் சிவப்பு நிறம் பெரும்பாலும் தசைக்கே உரிய மயோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது. ஈரலின் அமைப்போ முற்றிலும் வேறு. மனித உடலில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல்லீரல் வழியாகச் செல்கிறது. அதிலும் முக்கால் பங்கு குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்து வாயிற்சிரை வழியே வருவது. பாலூட்டிகள் அனைத்திலும் இதே ஏற்பாடுதான். உள்ளே நுழைந்த இரத்தம் சைனுசாய்டு எனப்படும், சல்லடைபோல் துளைகள் நிறைந்த நுண்குழாய்களில் பரவி, ஏறக்குறைய ஒவ்வோர் ஈரல் செல்லையும் தொட்டுக்கொண்டே நகர்கிறது. கடற்பஞ்சில் நீர் நிற்பதுபோல் நிற்கும் அந்த இரத்தத்தை, மேற்பரப்பில் கிடக்கும் உப்பால் முழுவதும் இழுத்துவிட முடியாது என்று யூத அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் ஹுல்லின் பகுதி இதை விவாதிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்னும் சட்ட நூலும் ஈரலுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. (ஈரலையும் மண்ணீரலையும் அனுமதிக்கப்பட்ட இரண்டு இரத்தங்கள் என்று நபிமொழி ஒன்று கூறுகிறது. இரு மரபுகளும் ஈரலை இரத்தமாகவே கண்டு, வெவ்வேறு முடிவுக்கு வந்தது எனக்கு மிகுந்த வியப்பளிக்கிறது.)

செய்முறை இதுதான். கோழி ஈரலானால் பித்தப்பையை நீக்க வேண்டும். மாட்டு ஈரலானால் நெடுக்கும் குறுக்குமாக ஆழக் கீற வேண்டும். பின்பு நன்கு கழுவி, சிறிது உப்பைத் தூவி, கீறிய பக்கம் கீழே இருக்குமாறு கம்பி வலையில் வைத்து, திறந்த நெருப்பில் வாட்ட வேண்டும். கீறல்கள் உள்ளிருக்கும் குழாய்களுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. வெப்பம் ஏறி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதங்கள் சுருங்கித் திசுவைப் பிழிகின்றன. பிழிந்த சாறு வலையின் இடைவெளியில் சொட்டிவிடுகிறது. ஹீமோகுளோபின் உருமாறுவதால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிறது. மேற்பரப்பு காய்ந்து, ஈரல் பாதியளவேனும் வெந்தபின், மூன்று முறை கழுவுகிறார்கள். வாணலியோ அலுமினியத் தாளோ இதற்கு உதவாது. வடிந்த இரத்தம் அங்கேயே தேங்கி, ஈரலும் அதிலேயே வேகும்.

இப்படி வாட்டினாலும் உள்ளே சிறிது இரத்தம் உறைந்து நிற்கத்தான் செய்யும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் சட்டத்தின் நுட்பமான இடத்தைத் தவறவிடுகிறார்கள். இறைச்சிக்குள் இருந்த இடத்தைவிட்டு அசையாத இரத்தத்தைச் சட்டம் விலக்குவதில்லை. இடம் பெயர்ந்து வெளிவந்த இரத்தத்தையே விலக்குகிறது. பச்சை ஈரலைக் குழம்பில் போட்டால் இரத்தம் வெளியேறி, குழம்பில் கலந்து, மீண்டும் கறியில் ஏறும். நெருப்பில் வாட்டும்போது வெளியேறுவது விழுந்துவிடுகிறது. நகராதது நகராமலே இறுகுகிறது. அதனால்தான் வாட்டிய ஈரலைப் பின்னர்ப் பாத்திரத்தில் இட்டுச் சமைக்கலாம்.

காலக்கெடுவும் உண்டு. விலங்கை அறுத்தபின் ஈரல் 72 மணி நேரம் நனைக்காமல் கிடந்தால் இரத்தம் இறுகிவிடும் என்று கருதி, அத்தகைய ஈரலை வாட்டி உண்ணலாமே தவிர, அதன்பின் குழம்பிலோ வாணலியிலோ மறுபடி சமைப்பதில்லை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் புகழ்பெற்ற ஈரல் பதார்த்தம் வாட்டலுக்குப் பிறகே தொடங்குகிறது. வாட்டிய ஈரலைக் கோழிக் கொழுப்பில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தோடும் அவித்த முட்டையோடும் கொத்திப் பிசைவார்கள். ஈரலை வாட்டிய கம்பி வலையை மட்டும் மற்றச் சமையலுக்கு எடுக்காமல் தனியே வைத்துவிடுவார்கள்.