அன்லேடன் வெயிட் என்னும் வெற்றெடை

ஆர்.சி. புத்தகத்தில் 'அன்லேடன் வெயிட்' என்று ஒரு வரி இருக்கும். சுமை ஏற்றாத வண்டியின் எடை. பதிவுக் கட்டணம் வண்டியின் வகையைப் பார்த்துத்தான். லாரி, டிராக்டர் போன்றவற்றின் வகையை முடிவு செய்வது எடை. 2016 இறுதியில் திருத்திய மத்திய விதிகளின்படி இலகுரக சரக்கு வண்டியைப் பதிய 1,000 ரூபாய், கனரகத்துக்கு 1,500. (சாலை வரி தனி, அது மாநிலத்தின் கணக்கு.)

'லேடன்' பழைய ஆங்கிலத்தின் 'ஹ்லாடன்' என்ற வினையிலிருந்து வந்தது. சுமை ஏற்றுவதும் அதுதான், தண்ணீர் மொள்வதும் அதுதான். குழம்புக் கரண்டிக்கு ஆங்கிலத்தில் 'லேடில்' என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்தே. ஆனால் நாம் அன்றாடம் சொல்லும் 'லோடு' வேறு வேர். வழி, பயணம் என்ற பொருளில் இருந்த சொல், ஒலி ஒத்துப்போனதால் சுமையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

எடைமேடையில் போய் 'அன்லேடன்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே 'காலி வண்டி எடை', இல்லையென்றால் 'டேர்'. டேருக்கு மூலம், தள்ளிவிடுவதைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல். வேடிக்கை என்னவென்றால், 'காலி'யும் அரபுதான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கம் கொஞ்சம் நுட்பமானது. வேலையின்போது வழக்கமாக வண்டியோடு இருக்கும் கருவிகள் இந்த எடையில் சேரும்; ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். இலகுரக வண்டிக்கு வரம்பு 7,500 கிலோ. அதை லாரிக்குச் சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் பார்க்கிறார்கள், டிராக்டருக்கோ வெறும் எடையில். ஏன்? டிராக்டர் இழுக்கும், தானே சுமக்காது. சுமப்பது பின்னால் வரும் டிரெய்லர். எஞ்சினே இல்லாத அந்த டிரெய்லரும் சட்டத்தின் கண்ணில் ஒரு மோட்டார் வாகனம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சுமையற்ற எடை' பிழையில்லை, ஆனால் நீளம். என் தேர்வு வெற்றெடை. வெற்றிடம், வெற்றுத்தாள் என்று நாவுக்குப் பழகிய அதே 'வெற்று'தான். 'கிராஸ் வெயிட்' மொத்த எடை. மொத்த எடையில் வெற்றெடையைக் கழித்தால் கிடைப்பதுதான், "எத்தனை டன் பாஸிங்?" என்று லாரிக்காரர்கள் கேட்கும் அந்தப் பாஸிங், அதாவது வண்டியில் ஏற்ற அனுமதித்த சுமை.