எண்ணெய்க்கு அடங்காத சொறி

"டாக்டர், கன்னுக்குச் சொறி. வேப்பெண்ணெய் தடவியாச்சு, ஊசியும் போட்டாச்சு, அடங்கவே மாட்டேங்குது." கால்நடை மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கன்றைக் கிட்டே இழுத்துப் பார்த்தால், பல நேரம் அது சொறியே இல்லை. துத்தநாகம் (ஜிங்க்), தாமிரம் போன்ற தாதுச்சத்துக் குறைதான்.

சொறிப்பூச்சி என்றால் கன்று ஓயாமல் தூணில் உரசும், பக்கத்துக் கன்றுக்கும் தொற்றும். படர்தாமரை வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்குடன் வரும். துத்தநாகக் குறைபாடு வேறு மாதிரி. மூக்கு, வாயோரம், கண்ணைச் சுற்றி, காது, கால் மூட்டு, குளம்புக்கு மேல் என இரண்டு பக்கமும் ஒரே போல முடி கொட்டும். தோல் தடித்துப் பொருக்குத் தட்டி, மடிப்புகளில் வெடித்திருக்கும். அரிப்பு பெரிதாக இருக்காது. கன்று வளராமல் நிற்கும். சின்னக் காயம்கூட ஆற நாளாகும். சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் ஊசிமேல் ஊசி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவது அதைவிட மோசம். கன்று அதை நக்கிவிடும்.

தாமிரக் குறை முடியில் தெரியும். கருகருவென்று இருக்க வேண்டிய எருமைக் கன்று செம்பட்டையாகும், கண்ணைச் சுற்றி வெளுக்கும். குடற்புழு இருந்தாலும் முடி இப்படி மங்கும் என்பதால் சாணத்தையும் சோதிக்க வேண்டும். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து சுமார் 6 மாதத்தில் சாம்பல் நிறமாவது இயல்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பாலில் தாமிரம் மிகக் குறைவு. பாலை நிறுத்தியதும் வெறும் வைக்கோலில் கட்டினால் துத்தநாகமும் போதாது. கறவை மாட்டுக்கு வாங்கிய கால்சியம் டானிக்கை நல்லதென்று கன்றுக்கும் ஊற்றுகிறார்கள். கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம் உடலில் சேராது. "கல் உப்புதான் போடுறோமே" என்பார்கள். அதில் சோடியமும் குளோரைடும்தான் இருக்கின்றன.

வயதுக்கேற்ற அளவில் தாது உப்புக் கலவை தினமும் தீவனத்தில் சேரட்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தயாரித்துத் தருகிறது. கூடவே வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனமும். தோல் வெடித்த கன்றுக்கு இது மட்டும் போதாது, துத்தநாகத்தைத் தனியாகவும் கொடுக்க வேண்டும். அளவை மருத்துவர் சொல்லட்டும். சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து புதுமுடி முளைக்கும்.

செம்மறி வளர்ப்பவர்கள் மாட்டுக்கான கலவையைக் குட்டிகளுக்குப் போடாதீர்கள். செம்மறிக்குத் தாமிரம் சிறிது மிஞ்சினாலும் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி ஆடு விழுந்துவிடும். அந்த நிலையில் காப்பாற்றுவது கடினம். செம்மறிக்கென்று தனிக் கலவை கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.