இன்ஜினுக்குள் கொஞ்சம் மெழுகு

வாடிப்பட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது பழைய டீசல் கார். மதுரைக்குள் ஓட்டினால் தொந்தரவு இல்லை. கொடைக்கானலுக்குக் காட்ரோடு தாண்டி ஏறினால் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ஆயிலும் கசிகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். அப்படியும் ஏன் சூடாகிறது?"

முதலில் ஆயில். இன்ஜின் தலையின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் சூட்டில் இறுகிக் கசிவது வழக்கம், வீட்டிலேயே மாற்றிவிடலாம். அதற்கு முன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் புகை வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. பிஸ்டனின் சூட்டில் ஒரு பங்கைச் சுமந்து வருவது ஆயில்தான் என்பதால், அளவு குறைந்தால் சூடும் ஏறும்.

இனி அந்தத் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. அதற்குள் இருப்பது மெழுகு! உருகிய மெழுகை டம்ளரில் ஊற்றி ஆறவிட்டால் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உறையும்போது மெழுகு சுருங்கும், உருகும்போது விரியும். பத்துச் சதவீதத்துக்கும் மேல் விரியும். அதைச் சின்ன உலோகக் கிண்ணத்தில் அடைத்து, விரிய வேறு வழியே இல்லாமல் செய்தால்?

1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்ற கண்டுபிடிப்பாளர் செய்தது இதைத்தான். கிண்ணத்தின் நடுவே முனை கூம்பிய ஓர் எஃகு ஊசி, அதைச் சுற்றி ரப்பர் உறை, உறையைச் சுற்றி மெழுகு. மெழுகு வழியே வெப்பம் மெதுவாகத்தான் போகும் என்பதால் செப்புத் தூளும் கலப்பார்கள். பல வண்டிகளில் 82 டிகிரியை ஒட்டி மெழுகு உருகி ரப்பரை நெருக்குகிறது. ஈரப் புளியங்கொட்டையை விரல்களுக்கிடையே அழுத்தினால் நழுவிப் பாயுமே, அப்படி ஊசி வெளியேறப் பார்க்கிறது. ஆனால் ஊசியின் மறுமுனை சட்டத்தில் முட்டி நிற்கிறது. ஊசி நகர முடியாததால் கிண்ணமே பின்வாங்குகிறது! கிண்ணத்தோடு சேர்ந்த வால்வு திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் இதில் ஒன்றைக்கூட வாங்கி வைக்கமாட்டார்கள் என்பது என் தீராத மனக்குறை.

சரி, வாசகரின் கேள்வி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றாமல் தண்ணீர் திரும்ப ஒரு பைபாஸ் வழி உண்டு. பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதே அதன் கீழ்த்தட்டு இறங்கி அந்த வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பும். மலை ஏற்றத்தில் இன்ஜினுக்குப் பாரம் அதிகம், முன்னிருந்து வரும் காற்றும் குறைவு. பிறகு முள் எங்கே போகும்?

பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை, இன்ஜினுக்கு அதனால் கெடுதல் கிடையாது. "நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு" என்பதுதான் ஆபத்தான மூடநம்பிக்கை. சித்திரை வெயில் 40 டிகிரி என்றாலும் 82-க்கு அது குளிர்தான்.

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டுமுன் சோதித்துவிடுங்கள். பழைய பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு பாருங்கள். அதன்மேல் பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் விஷம், கழற்றிய பழையதைச் சோதித்தால் அந்தப் பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. அது குக்கர் வெயிட் மாதிரி. வெளிக்காற்றைவிடச் சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் சமவெளியில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். ஆனால் அதைச் சோதிக்க வழியில் வண்டியை நிறுத்தியதும் திறந்துவிடாதீர்கள். மேல் ஹோஸ் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும்.