கழிவு: சொல் விளக்கம்

மட்டக்களப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் உள்ளூராட்சிச் சபையிடமிருந்து கைக்கு வரும் சோலைவரிப் பத்திரம், அதாவது வீடு வளவுக்கான வரிப் பத்திரம், முழு ஆண்டுக்கான வரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் செலுத்துவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு என்கிறது. அதே சபையின் உழவு இயந்திரம், 'திண்மக் கழிவு' என்று எழுதிய பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. முன்னது நம் கையில் மிஞ்சுவது. பின்னது நம் கையை விட்டுப் போக வேண்டியது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

'கழி' என்ற வினையோடு 'வு' விகுதி சேர்ந்து 'கழிவு' பிறந்தது. பொழுது கழிகிறது, பத்தில் மூன்றைக் கழிக்கிறோம். தானாக நீங்குவதும் நாம் நீக்குவதும் இந்த வினைக்குள் அடங்கும். 'கழி' உரிச்சொல்லாகும்போது மிகுதியைக் குறிக்கிறது. 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்பது நன்னூல். கழிபேருவகை என்றால் மிகப் பெரிய மகிழ்ச்சி. கழி என்ற பெயருக்கு உப்பங்கழி என்ற பொருளும் உண்டு. நெய்தல் பாடல்களின் இருங்கழியை நாம் களப்பு என்றும் வாவி என்றும் சொல்கிறோம்.

கணக்கு வழக்கில்தான் இச்சொல் நன்றாக வேரூன்றியிருக்கிறது. நெல் கொள்வனவு செய்யும் வியாபாரி தராசில் மூட்டையை ஏற்றியதும், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழிவாக எழுதிக்கொள்வார். சாக்கு இரண்டு கிலோ நிறுக்குமா என்று விவசாயி கேட்பதும், பதில் வராததும் வழமை. ஆனால் அதே விவசாயி தன் களத்தில் ஒதுங்குவது எதையும் கழிவு என்று சொல்வதில்லை. பதர், சாவி, உமி, தவிடு, வைக்கோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பயனும் உண்டு. பெயர் சொல்ல முடியாதபடி எல்லாம் கலந்து குவிந்த பிறகே பொதுப் பெயர் தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தகைய கலவைக்கு நல்ல எடுத்துக்காட்டு, எரிவாயுக் கிணறு தோண்டும்போது வெளிவரும் 'ட்ரில்லிங் வேஸ்ட்'. துளைக்கும் அலகைக் குளிர்விக்கவும் துகளை மேலே கொண்டுவரவும் கிணற்றின் அழுத்தத்தைத் தாங்கவும் பென்டோனைட் களிமண்ணும் பாரைட்டும் கலந்த சேற்றை உள்ளே செலுத்துகிறார்கள். அது பாறைத் துகளோடு திரும்பி வருகிறது. அதன் பின்னர் கிணற்றிலிருந்து வரும் நீரோ பல இடங்களில் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பானது. சில பாறைப் படிவுகளில் ரேடியமும் சேர்ந்து வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இந்த நீரை நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டணம் பெற்று ஏற்றுக்கொண்டன. நகர நிதிக்கு அது வரவு. ஆனால் நுண்ணுயிர்களைக் கொண்டு மலசலநீரைச் சுத்திகரிக்க அமைத்த நிலையத்தால் உப்பைப் பிரிக்க முடியாது; அது அப்படியே ஆற்றில் கலந்தது. 2011இல் அம்மாநில அரசு இந்த நீரை அங்கே அனுப்ப வேண்டாம் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. களிப்பாறை எரிவாயுக் கிணற்று நீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புவதை மத்திய அரசு 2016இல் தடைசெய்தது.

இலங்கையில் 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டறியப்பட்டது. கிழக்குக் கடலிலும் ஆய்வுக்கெனக் கடற்பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே சொல்லை இப்போதே சீர்செய்து வைப்பது நல்லது. தச்சர் கையிலிருக்கும் துளைகருவிக்குத் துரப்பணம் என்ற பெயர் இருப்பதால், 'ட்ரில்லிங் வேஸ்ட்' என்பதைத் துரப்பணக் கழிவு என்றும் அந்தச் சேற்றைத் துரப்பணச் சேறு என்றும் எழுதலாம். 'துளைக் கழிவு' துளையையே கழிவாக்கிவிடும்.

வரியில் குறைப்பதற்கு 'தள்ளுபடி' என்று எழுதுவோரும் உண்டு. வழக்குத் தள்ளுபடியாவதை நினைவூட்டும் அச்சொல்லைவிட, கடைக்காரர் சொல்லும் விலைக்கழிவை ஒட்டி வரிக்கழிவு என்பதே எனக்கு உவப்பானது. சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் 'கழிவுக் கட்டணம்' என்று மொட்டையாக எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். வீட்டுக் குப்பை அள்ள மக்கள் கட்டுவதும், வெளியார் கழிவை வாங்கிக்கொள்ளச் சபை பெறுவதும் அந்த ஒரே வரியில் ஒளிந்துகொள்ளும். முதலாவதைக் கழிவகற்றற் கட்டணம் என்றும், இரண்டாவதைக் கழிவேற்புக் கட்டணம் என்றும் பிரித்தெழுதினால், வரவுசெலவுத் திட்டத்தைப் புரட்டும் உறுப்பினர் யாருடைய கழிவு என்று கேட்க இடமிருக்கும்.