இன்னொரு தொட்டி கேட்காதீர்கள்

போன மாதம் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊருக்குக் குடிநீர்த் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையாகப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கையில் கொடுத்த மனுவின் முதல் வரியே, "5 லட்சம் லிட்டர் கொள்ளளவில் புதிய மேல்நிலைத் தொட்டி". மனு கொடுத்தவர் நின்ற இடத்திலிருந்து நூறடியில் அதே கொள்ளளவில் ஒரு தொட்டி ஏற்கெனவே நிற்கிறது. பெயின்ட் கூட இன்னும் மங்கவில்லை.

ஏணி ஏறி மூடியைத் திறந்தேன். தரையில் காய்ந்து வெடித்த வண்டல். மூலையில் புறா இறகுகள். தண்ணீர் விழ வேண்டிய குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. வெளிச்சுவரில் நீர்மட்டம் காட்டும் முள் உச்சியில் நின்றதால் தொட்டி நிறைந்திருப்பதாகத் தெருவில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மிதவை இறங்கினால் வெளியே முள் ஏறும். முள் உச்சியில் இருந்தால் தொட்டி காலி. அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கீழே குடத்தோடு ஒரு பாட்டி நின்றிருந்தார். "என்ன கண்ணு, தண்ணி இருக்குதா?"

"இல்லீங்கம்மா, காலி."

"அதான் இன்னொன்னு கட்டச் சொல்றோம்."

இந்த ஒரு வாக்கியத்தை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டியிடம் கோபப்பட முடியாது. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், சில நேரம் எங்கள் துறை ஆட்களே இதைச் சொல்லும்போதுதான் தாங்கவில்லை. அதனால் பொறுமையாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

தொட்டி தண்ணீரை உண்டாக்காது. உண்டியல் வாங்கி வைத்தால் காசு சேர்ந்துவிடுமா? நான் போன ஊரில் சுமார் 6,000 பேர். உள்ளே வரும் குழாய் மணிக்கு 20,000 லிட்டர் தருகிறது, அதுவும் நாளுக்குப் பத்து மணி நேரம்தான். ஆக 2 லட்சம் லிட்டர், தொட்டிக்கு ஏறுமுன் தெருக்களிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆளுக்கு 33 லிட்டர். ஒரு தொட்டி இருந்தாலும் 33, இரண்டு இருந்தாலும் 33, தெருவுக்கு ஒன்று கட்டினாலும் 33. 2 லட்சம் லிட்டர் வரும் இடத்தில் 10 லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்டினால் மீதி 8 லட்சம் லிட்டருக்குக் காற்றைத்தான் சேமிக்கலாம்.

தொட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைச் சேர்த்துவைத்து, காலை ஆறு மணிக்கு ஊரே குழாயைத் திறக்கும்போது அழுத்தத்தோடு கொடுக்கத் தொட்டி வேண்டும். வரத்து போதுமானதாக இருந்து, காலையில் மட்டும் பற்றவில்லை என்றால் தொட்டி கேளுங்கள், நானே வரைபடம் போட்டுத் தருகிறேன். வரத்தே இல்லாத இடத்தில் கேட்பதுதான் பிரச்சினை. ஏன் எல்லோரும் தொட்டியையே கேட்கிறார்கள் என்பதும் தெரியும். தொட்டி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும், அடியில் கல்வெட்டு வைக்கலாம். பூமிக்குள் மாற்றிய குழாய்க்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

சரி, அப்போ பெரிய மோட்டார் போடலாமே என்பது அடுத்த யோசனை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலான ஊர்கள் குடிப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரை. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்தது. காவிரியில் எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து, மேடு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பிரித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் இவ்வளவு என்று ஒதுக்கீடு உண்டு. உங்கள் ஊரில் கூடுதலாக இழுத்தால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊருக்கு அன்று குறையும். வீட்டுக்குள் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவதும் இதே கதைதான், பக்கத்து வீட்டுப் பங்கை எடுப்பது. அதைவிட மோசம், வாரத்தில் பாதி நாள் காலியாகக் கிடக்கும் குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுப்பது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, வருவது எவ்வளவு, வீடுகளுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று அளப்பது. அந்த ஊரில் அளவு மீட்டர் இருந்தது. கண்ணாடிக்குள் பாசி பிடித்து எண் தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் தினமும் எண் இருந்தது. நாற்பது நாளுக்கும் ஒரே எண், ஒரே பேனா. எழுதியவரைக் கேட்டேன். "முன்னாடி இருந்தவரு எழுதினதையே எழுதுறேன் சார்" என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? மீட்டர் மாற்றச் சொல்லி அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் காட்டினார். இந்தப் பதிவேட்டை நம்பித்தான் முப்பது வருடத்துக்கான திட்டம் போட வேண்டும். குழாய்க்கு 30 ஆண்டு, பம்புக்கு 15 ஆண்டு என்று வைத்துத் திட்டமிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் 2013இல் ஓடத் தொடங்கிய பம்புகளுக்கு 2028இல் வயது முடிகிறது. எந்த மனுவிலும் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை.

தண்ணீர் பற்றாத நாளில் என்ன செய்கிறார்கள்? பழைய போரை (ஆழ்துளைக் கிணற்றை) ஓட்டி, ஆற்றுத் தண்ணீர் ஏறும் தொட்டியிலேயே ஏற்றுகிற ஊர்கள் உண்டு. நம் மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. ஒகேனக்கல் திட்டம் வந்ததே இங்குள்ள நிலத்தடி நீரின் ஃபுளோரைடால்தான், திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஃபுளோரைடு 3 உள்ள போர் தண்ணீரையும் 0.3 உள்ள ஆற்றுத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வருகிறது. கணக்குப் போட்டு, பரிசோதித்துக் கலந்தால் அது ஒரு முறை. வால்வைத் திறப்பவர் கண்ணளவில் கலந்தால் அது குழந்தைகளின் பல்லில் தெரியும். காய்ச்சினால் போய்விடும் என்கிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. ருசியிலும் நிறத்திலும் தெரியாது. உங்கள் தெருவில் போர் தண்ணீர் கலக்கிறார்களா என்று கேளுங்கள், கலந்தால் பரிசோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது யாரும் கேட்காத பாதி. ஆளுக்கு 135 லிட்டர் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் கையேட்டில் அது பாதாளச் சாக்கடை உள்ள அல்லது வரப்போகிற நகரத்துக்கான அளவு. சாக்கடை இல்லாத நகரத்துக்கு அந்தக் கையேடு சொன்னது 70தான். காரணம் எளிது, கொடுக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். 70,000 பேர் உள்ள நகரத்துக்கு 135 வீதம் நாளுக்கு 94.5 லட்சம் லிட்டர் கொடுத்தால் 75 லட்சம் லிட்டருக்கு மேல் வெளியே வரும். அது எங்கே போகும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "தண்ணி வரட்டும் சார், சாக்கடையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். தண்ணீர் அப்புறம் பார்க்காது. அன்றைக்கே தெருவோரக் கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போய்விடும்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூருக் கழிவு நுரை பொங்கும்போது நாம் எவ்வளவு சத்தம் போடுகிறோம்! போட வேண்டியதுதான். ஆனால் அந்த அணை நிற்கும் தென்பெண்ணை ஆறுதான் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி சாத்தனூர் அணைக்குப் போகிறது. நம் ஊர்க் கால்வாய்கள் எதில் கலக்கின்றன என்று சாத்தனூர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வோம்?

பாதாளச் சாக்கடை போட்ட இடங்களிலும் கதை முடிவதில்லை. குழாய் தெருவில் ஓடும், வீடுகள் இணைப்பு வாங்காது. கழிவறை வீட்டுப் பின்பக்கம், சாக்கடை முன்பக்கத் தெருவில், நடுவில் புதிதாகப் போட்ட டைல்ஸ். யார் உடைப்பார்கள்? டெபாசிட் வேறு. விளைவு, பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கால்வாசிதான் வந்து சேருகிறது, அங்கே கழிவைத் தின்று சுத்தமாக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனி இல்லை. குழாயிலும் ஓட்டம் இல்லாமல் மண் அடைகிறது. அடைத்தால் ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதே மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மொட்டை மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள், ஒரு கனமழையில் தெருவே மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கும். தளம் போடுமுன் கழிவறைக் குழாயை முன்வாசல் வரை கொண்டுவந்து மூடி வையுங்கள், இப்போதைக்குச் சில ஆயிரம் ரூபாய், பிறகு டைல்ஸ் உடைக்க வேண்டாம். செப்டிக் டேங்க் என்றால் அடியிலும் சுவரிலும் பூச்சு வேண்டும். இங்கே அடியில் பாறைதான். பாறையின் வெடிப்பில் இறங்கும் கழிவு பக்கத்து வீட்டுப் போருக்குள் போவதை மண் வடிகட்டித் தடுக்காது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட்டு எடுத்துவிடுங்கள். "நெறஞ்சா கூப்பிடுவோம்" என்று இருக்காதீர்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், அது வேலை செய்வதே அப்படி. அடியில் சேரும் சேறுதான் கணக்கு.

கவுன்சிலர்களுக்கு ஒன்று. அடுத்த முறை மனு எழுதும்போது உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு, வெளியே போவது எங்கே என்று ஒரே தாளில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லையா, முதலில் மீட்டரை மாற்றுங்கள். ஒரு தொட்டி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மீட்டர் ஒன்றுமே இல்லை.

அந்த ஊரில் அடுத்த வாரம் கூட்டம் நடக்கிறது. நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது. புதிய மேல்நிலைத் தொட்டி மூன்றாவது பொருள். மீட்டர் மாற்றுவது பதினான்காவது, தெருவிளக்கு பல்பு வாங்குவதற்கு அடுத்தது.