மேசையில் கிடப்பவர் யார்?

முதலாண்டு மருத்துவ மாணவர்கள் கத்தியைத் தொடும் முன் ஒரு படம் காட்டுவேன். 1543இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் 'ஃபாப்ரிகா' என்ற உடற்கூறியல் நூலின் முகப்புப் படம், மரக்கட்டையில் செதுக்கியது. "என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். எலும்புக்கூடு, குரங்கு, நாய், கூட்டம் என்பார்கள். அறுக்கப்படுவது ஒரு பெண் என்று யாராவது சொல்லக் கொஞ்ச நேரமாகும்.

இத்தனைக்கும் நட்டநடுவில் கிடப்பது அவர்தான். பாதங்கள் நம் பக்கம், வயிறு திறந்திருக்கிறது. சுற்றிலும் முண்டியடிக்கும் ஆண்கள். 28 வயது பேராசிரியர் வெசாலியஸ் உடல்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறார்.

அதற்கு முன்பெல்லாம் பேராசிரியர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து பாடம் சொல்வார், கத்தி பிடிப்பது வேறொருவர். இங்கே பேராசிரியரே அறுக்கிறார். முன்பு கத்தி பிடித்த நாவிதர்கள் மேசைக்கடியில் சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது புரட்சிதான், சந்தேகமில்லை. நானும் பல வருஷம் இதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவன்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். தூக்கிலிடப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி வெசாலியஸே நூலில் எழுதியிருக்கிறார். தூக்குக்குப் பயந்து, கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாராம். நீதிபதி உத்தரவுப்படி மருத்துவச்சிகள் விசாரித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படத்தில் இருப்பவர் அவர்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. எந்தக் கருப்பையைச் சொல்லி உயிர் தப்பப் பார்த்தாரோ, அதையே இத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அதுவரை மருத்துவச்சிகளின் கைக்கும் அந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கும் உட்பட்டிருந்த விஷயம், இப்போது பேராசிரியர் கண்ணால் காட்டும் பொருளாகிவிட்டது.

அதே நூலின் தசைப் படங்களைப் பாருங்கள். தோலுரித்த ஆண்கள் வயல்வெளியில் உயிருள்ளவர்கள் போல நிமிர்ந்து நிற்கிறார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி, "சார், நம்ம டேபிளில் இருப்பவர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் உடற்கூறியல் கூடத்துக்கு வருவோரில் சிலர் தம் உடலைத் தாமே எழுதிக்கொடுத்தவர்கள், சிலர் யாரும் உரிமை கோராதவர்கள். எந்த மேசையில் யார் என்று இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

1555இல் நூல் மறுபதிப்பானபோது முகப்பைப் புதிதாகச் செதுக்கினார்கள். முதல் படத்தில் தூணைப் பிடித்து நின்ற நிர்வாண ஆணுக்கு உடை மாட்டிவிட்டார்கள். மேசையில் இருந்தவர் அப்படியேதான் கிடந்தார்.