சின்ன ஊரில் மின்காருக்குச் சார்ஜ்: கிளம்பும் முன் பாருங்கள்

நான்குவழிச் சாலையில் ஓடும்வரை மின்காருக்குப் பெரிய கவலை இல்லை. சாலையை விட்டு இறங்கி ஒரு தாலுகா ஊருக்குள் போனால் நிலைமை வேறு. பெட்ரோல் பங்கிலோ ஓட்டல் வாசலிலோ ஒரே ஒரு சார்ஜர் நிற்கும். அது ஓடவில்லை என்றால் பக்கத்தில் வேறு வழியில்லை. அதனால் சார்ஜர் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியில் புள்ளி தெரிகிறதே என்று நம்பிப் போகாமல், கடைசியாக அங்கே யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். இடத்துக்குப் போன் செய்து, இரவில் கேட் பூட்டுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பிளக். இப்போது வரும் கார்களில் வேகச் சார்ஜுக்குப் பெரும்பாலும் சி.சி.எஸ். 2 வகைக் கன்தான் (கன் என்பது சார்ஜர் கேபிள் முனையில் இருக்கும், காரில் செருகும் கைப்பிடி). பழைய 'பாரத் டி.சி. 001' சார்ஜர் இவற்றுக்குப் பொருந்தாது. ஸ்கூட்டரிலும் இதே கதைதான்: ஏத்தர் நிறுவனத்தின் கன் ஹீரோவின் விடா ஸ்கூட்டருக்குப் பொருந்தும், ஓலாவுக்குப் பொருந்தாது.

போர்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், இரண்டு கன்னிலும் வண்டி நின்றால் பல சார்ஜர்களில் ஆளுக்கு 30தான். 40 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். 30 கிலோவாட்டில் சுமார் 50 நிமிடம். 80க்கு மேல் வேகம் குறைந்துவிடும், பின்னால் வண்டி காத்திருந்தால் அங்கேயே கழற்றிவிடுங்கள். யூனிட் விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

சார்ஜ் தொடங்கவே இல்லையா? கேபிள் கனத்தில் கன் தொங்கி, அதன் முனை உள்ளே சரியாக உட்காராதது அடிக்கடி நடக்கும். 'டக்' என்று லாக் விழும்வரை கன்னை நேராகத் தாங்கிப் பிடியுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி வேலை செய்யாது; சார்ஜரில் காட்டினாலே தொடங்கவைக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு இருந்தால் கைகொடுக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க நீளலாம், அறிவிப்பை முன்பே பாருங்கள்.

எதுவும் இல்லாத ஊரில் 15 ஆம்ப் சாக்கெட்டே துணை. 3.3 கிலோவாட்டில் அதே 24 யூனிட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பழைய லாட்ஜ்களில் இங்கேதான் சிக்கல். எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜிங் கேபிளோடு இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் நின்றுவிடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்தான் காட்ட வேண்டும். விளக்கை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துத் தரும் பிளக்கை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுவதும் கரண்ட் ஏறும். கதவைத் தொடுபவர் உயிர் போகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம், மணிக்கணக்கில் முழு லோடு ஓடினால் உருகும். அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது, சாக்கெட்டை மாற்றுங்கள்.

எங்களைக் கேட்டால், சின்ன ஊருக்கு இன்னொரு வேகச் சார்ஜரைவிட, ஆட்கள் இரவு தங்கும் லாட்ஜில் ஒரு 7.4 கிலோவாட் டைப் 2 ஏ.சி. பெட்டி (சுவரில் மாட்டும் மெதுவான சார்ஜர்)தான் அதிகம் உதவும். பொதுச் சார்ஜிங் நடத்தத் தனி உரிமம் தேவையில்லை. மின் இணைப்பில் அந்தக் கூடுதல் லோடுக்கு அனுமதி, 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, லோடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி 40 ஆம்ப் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., புதிதாக ஒரு எர்த் குழி ஆகியவை வேண்டும். லாட்ஜ் நடத்துபவர் எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னால் போதும்.